காட்டுயிர்க்கும் ஒரு பங்கு

மலையில் திரியும் ஒரு காட்டுமாடு யாருக்காக வாழ்கிறது? கேட்பதற்கு எளிய கேள்விதான். உழவு மாடு உழவருக்காக வாழ்கிறது; கறவைப் பசு வீட்டுப் பிள்ளைகளுக்காக வாழ்கிறது; கோழி விருந்தினருக்காகவும் நாய் வீட்டுக் காவலுக்காகவும் வளர்க்கப்படுகின்றன. ஆனால் எந்த ஏரிலும் பூட்டப்படாமல், யாருடைய குவளையிலும் பால் சொரியாமல், மனித வாடை பட்ட மாத்திரத்தில் புதருக்குள் மறைந்துவிடும் அந்தப் பேருயிர் யாருக்காக? நமக்கு ஒன்றும் தராத ஓர் உயிருக்கு நம்மிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உண்டா? உண்டெனில், அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார்?

வாடிப்பட்டிப் பகுதியில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், வாடிப்பட்டியை நெருங்கும்போது வலப்புறத்தில் சிறுமலை நீண்டு கிடப்பதைக் காண்பர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடித் துண்டுகளுள் ஒன்று அது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் அடிவாரத்தில், சில இடங்களில், காடு முடிகின்ற இடத்திலேயே தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் தொடங்கிவிடுகின்றன. மலையில் வாழும் உயிர்களுக்கும் வயலில் உழைக்கும் மனிதருக்கும் இடையே சுவர் இல்லை. பெரும்பாலும் ஒரு முள்வேலிதான் உண்டு. அந்த வேலியோரத்தில் இந்தக் கேள்வி ஒவ்வோர் இரவும் எழுகிறது.

குருமடத்தில் நாம் கற்ற இறையியல் இதற்கு இரண்டு விடைகளைத் தந்தது. விலங்குகள் மனிதரின் பயனுக்கென அமைந்தவை என்று புனித தோமா அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். அதே அக்குவினாஸ் வேறோர் இடத்தில், இறைவனின் நன்மைத்தனத்தை ஏதேனும் ஒரு படைப்பு மட்டும் தனித்து நின்று வெளிப்படுத்த இயலாது என்றும், ஒன்றில் குறைவது மற்றொன்றால் நிறைவுபெறும்படியாகவே இறைவன் பலவற்றைப் பலவகையாகப் படைத்தார் என்றும் விளக்குகிறார். முதல் விடையை மட்டும் பிடித்துக்கொண்டால் காட்டுமாடு வீண் உயிர் ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் வேலியோரத்து உழவர் மறக்கப்பட்டுவிடுவார். இரண்டையும் ஒருசேர ஏற்பது எவ்வாறு என்பதே நாம் இங்கு சிந்திக்க விழைவது.

பின்பனிக் காலத்தில் ஒரு நாள்

மேலைநாட்டார் இளவேனிலின் தொடக்கம் என்று போற்றும் நாள்கள், நம் நாட்டில் மாசியின் பிற்பகுதியிலும் பங்குனியிலும் வருகின்றன. நம் முன்னோர் இவ்விரு மாதங்களையும் பின்பனிக் காலம் என்றனர். அவர்கள் கணக்கில் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். திருச்சபைக்கோ இது தவக்காலம். ஆங்கிலேயர் தவக்காலத்துக்கு வழங்கும் ‘லெந்து’ என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் இளவேனிலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகும். தவத்துக்கும் தளிருக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே. நம் மலைக்காடுகளும் இந்நாள்களில் இலைகளை உதிர்த்துவிட்டு, நோன்பிருப்பவர்போல் நிற்கின்றன.

தவக்காலத்துக்கு முன்மாதிரியான அந்த நாற்பது நாள்களைப் பற்றி எழுதும்போது, மாற்கு நற்செய்தியாளர் மட்டும் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறார். பாலைநிலத்தில் இயேசு காட்டு விலங்குகளோடு இருந்தார் என்பதே அது. அவர் அவற்றை வேட்டையாடவில்லை; பழக்கி வேலை வாங்கவும் இல்லை; உடன் இருந்தார். அந்த ‘உடனிருத்தல்’ எத்தகையது என்பதைச் சிறிதேனும் உணரும் நோக்குடன், தவக்காலச் சனிக்கிழமை ஒன்றில், பங்கு இளையோர் சிலரோடு, வனத்துறையின் முறையான இசைவு பெற்று, வனக்காவலர் ஒருவர் முன்னே செல்ல, குட்லாடம்பட்டிப் பக்கமாகச் சிறுமலையில் நாம் ஏறினோம்.

பொழுது புலரும் வேளையில் முதலில் நம்மை வரவேற்றது ஆறுமணிக்குருவியின் சீழ்க்கை. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் மக்கள் அதற்கு இட்ட பெயர் அது. மரத்தடிச் சருகுகளைக் கிளறிப் புழு தேடும் இச்சிறு பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, கோடையில் வடக்கே திரும்பி, இமயத்தின் அடிவாரங்களிலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும். இன்னும் சில வாரங்களில் அது புறப்பட்டுவிடும். நம் மலை அதற்கு வாடகை கேட்காத விடுதி.

சற்று மேலே, இலையே இல்லாத முள்ளிலவு மரம் ஒன்று செங்கிண்ணங்களைப்போல் பூத்து நின்றது. அதன் கிளைகளில் மைனாக்களும் கரிச்சான்களும் காகங்களும் அணில்களும் கலந்து தேன் குடித்துக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் ஓசையோடு கொட்டும் தாடகை நாச்சி அருவி, இப்போது பாறையில் ஒட்டிய ஈரக்கோடாக மெலிந்திருந்தது. அடியில் தேங்கிய சிறு குட்டையின் ஓரத்தில், மஞ்சள் வயிறும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை மேலும் கீழும் ஆட்டியபடி பூச்சி பிடித்தது. ஏறத்தாழ இருபது கிராம் எடையே உள்ள அவ்வுயிரும் இமயத்தையோ அதற்கு அப்பாலுள்ள மலைகளையோ நோக்கிச் செல்ல வேண்டிய வழிப்போக்கர்தான்.

ஆனால் இளையோர் எதிர்பார்த்து வந்த பெரிய விலங்கு எதுவும் நண்பகல்வரை கண்ணில் படவில்லை. கிடைத்தவை எல்லாம் சுவடுகளே. ஈர மண்ணில் பதிந்த பிளவுக் குளம்பு, பன்றிகள் கிழங்கு தேடி உழுதுபோட்ட நிலம், முள்ளம்பன்றி உதிர்த்த கறுப்பு வெள்ளை முள் ஒன்று, காயாத சாணம். “நேத்து ராத்திரி இறங்கியிருக்கு பாதர். தண்ணிக்குத்தான்” என்றார் வனக்காவலர். தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்தில் இருபது விலங்குகளைக் காட்டிவிடுகிறார்களே என்று இளைஞர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். நமக்குத் தோன்றியது வேறு. காட்டுயிருக்கு நம் கண்முன் வந்து நிற்க வேண்டிய கடமை ஏதும் இல்லை. அது நம்மைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறது என்பதே அது நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம்.

1259ஆம் ஆண்டில், அசிசியின் பிரான்சிஸ் ஐந்து காயங்களைப் பெற்ற லா வெர்னா மலைக்குச் சென்ற புனித பொனவெந்தூர், அங்கே சிந்தித்தவற்றைச் சிறு நூலாக எழுதினார். படைப்புகள் யாவும் இறைவனின் சுவடுகள் என்பது அதில் அவர் தரும் விளக்கம். காட்டில் ஒரு நாள் நடந்தவருக்கு இவ்வுவமையின் ஆழம் நன்கு புலப்படும். சுவடு என்பது கடந்து சென்றவரைக் காட்டும், பிடித்துக் கொடுக்காது. சுவட்டைக் காண்பவர் குனிய வேண்டும்; குரலைத் தாழ்த்த வேண்டும்; காத்திருக்க வேண்டும்.

மாலை நான்கு மணியளவில், எதிர்ச் சரிவின் புல்வெளியில் அவை வெளிப்பட்டன. ஐந்து காட்டுமாடுகள், அவற்றோடு ஒரு கன்று. கருங்கல்லைச் செதுக்கியது போன்ற உடல், முதுகில் உயர்ந்த திமில்வரை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்கள். வளர்ந்த காளை ஒன்று ஓராயிரம் கிலோகிராம் வரை எடை கொள்ளும். அத்தனை பேருடலும் அத்தனை அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தது. படம் பிடிக்கக் கைப்பேசியை உயர்த்திய இளைஞர் அதை உயர்த்தியபடியே மறந்து நின்றார். காற்று திசை மாறியிருக்க வேண்டும். தாய்மாடு தலை நிமிர்த்திச் சீறியது. அடுத்த கணம் சரிவு வெறுமையாயிற்று.

அந்தச் சில நிமிடங்களின் மகிழ்ச்சி தூயது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைக் கவனமாகப் படிப்போர் ஒன்றைக் காண்பர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் காட்டு விலங்குகளையும் படைத்த இறைவன், அவை நல்லவை எனக் கண்டது மனிதரைப் படைப்பதற்கு முன்னர். பலுகிப் பெருகும் ஆசியும் முதலில் மீன்களுக்கும் பறவைகளுக்குமே வழங்கப்பட்டது. அவற்றின் நன்மைக்குச் சான்றிதழ் தர நாம் அப்போது உலகிலேயே இல்லை. ஆகவே காட்டுமாடு யாருக்காக வாழ்கிறது என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிட்டது. அது இறைவனுக்காக வாழ்கிறது. அவர் நல்லது எனக் கண்டதே அது வாழ்வதற்குப் போதிய காரணம். மறுபாதி விடையோ மலையடிவாரத்தில் காத்திருந்தது.

வேலியில் கட்டிய சேலைகள்

இறங்கி வரும் வழியில், காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தின் வேலி நெடுகிலும் பழைய சேலைகள் கட்டப்பட்டிருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள் என வண்ணம் வெளுத்த நூல்சேலைகள் அவை. காற்றில் அசையும் துணிக்கும் அதில் தங்கிய மனித வாடைக்கும் பன்றிகள் மிரளும் என்பதால் அடிவாரத்து உழவர்கள் இவ்வாறு கட்டுகின்றனர். தோட்டத்தின் நடுவே ஒரு பரண். அதன் அடியில் தட்டுவதற்கு ஒரு தகர டப்பா. ஒன்றரை ஏக்கர் நிலத்தில் வாழையும் தென்னையும் வைத்திருக்கும் அந்த உழவர் நம்மைக் கண்டதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்ன பார்த்தீர்கள் என்று வினவினார். இளையோர் உற்சாகத்தோடு காட்டுமாடுகளைக் கண்டதைச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“நல்லது சாமி. நீங்க ஒரு நா பாத்துட்டுப் போறீங்க. நாங்க ராத்திரி பூரா பாக்குறோம்.”

குலை தள்ளும் பருவத்திலிருந்த நாற்பது வாழைகளைப் பன்றிகள் ஒரே இரவில் தோண்டிச் சாய்த்ததை அவர் காட்டினார். மயில்கள் விதைத்த கடலையைப் பொறுக்குவது பற்றியும், மலையில் தண்ணீர் வற்றும் மாசி பங்குனியில் காட்டுமாடுகள் தொட்டித் தண்ணீரைத் தேடி வருவது பற்றியும் சொன்னார். குரலில் வன்மம் இல்லை. “அதுகளையும் குத்தஞ் சொல்ல முடியாது சாமி. மேல தண்ணி இருந்தா ஏன் கீழ வருது?” என்றார். பயிர்ச் சேதத்துக்கு அரசின் இழப்பீடு உண்டு. ஆயினும் தூங்காத இரவுகளுக்கு யார் இழப்பீடு தருவது? விடியும்வரை பரணில் இருந்துவிட்டு, விடிந்ததும் மண்வெட்டியை எடுக்கும் உடலுக்கு யார் இழப்பீடு தருவது?

‘பார்த்தல்’ என்ற ஒரே சொல் இருவருக்கும் இரு வேறு பொருள் தருவதை அந்த இளநீர் குடிக்கும்போது உணர்ந்தோம். நமக்குப் பார்த்தல் இன்பம். அவருக்குப் பார்த்தல் காவல். நாம் கண்ட அழகின் செலவுக் கணக்கு அவர் பெயரில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. மயில் 1963இல் நம் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. மயிலும் காட்டுமாடும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளன. அது நல்ல சட்டம்; தேவையான சட்டம். ஆனால் நாடு முழுவதும் சேர்ந்து எடுத்த ஒரு நல்ல முடிவின் சுமை, காட்டோரத்துச் சிறு உழவரின் ஒன்றரை ஏக்கரின்மீது இறங்குவது நீதியாகுமா?

ஒரே பந்தி

இத்தகைய நிலையில் மக்கள் இரு திசைகளில் இழுக்கப்படுகிறார்கள். மனிதர் பசித்திருக்கையில் விலங்குக்கு என்ன உரிமை என்பார் ஒரு சாரார். அந்த எண்ணம் முற்றும்போது வேலியில் மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. தானியத்தில் நஞ்சு கலக்கப்படுகிறது. அந்தக் கம்பியில் பன்றி மட்டும் சாவதில்லை, இருட்டில் நடக்கும் மனிதரும் சாகிறார்கள் என்பதைச் செய்தித்தாள்கள் அடிக்கடி தெரிவிக்கின்றன. காடு விலங்குகளுக்கே உரியது, உழவர் விலகிப் போகட்டும் என்பார் மறு சாரார். இதைச் சொல்வோர் பெரும்பாலும் காட்டிலிருந்து நெடுந்தொலைவில் வாழ்பவர்கள்.

விவிலியம் இவ்விரண்டு வழிகளிலும் செல்லவில்லை. தொடக்கநூலில் இறைவன் மனிதருக்கு உணவை ஒதுக்கிய அடுத்த மூச்சிலேயே விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவை ஒதுக்குகிறார். பந்தி ஒன்று, இலைகள் வேறு வேறு. திருப்பாடல் 104 அந்தப் பந்திக்கு நேரமும் வகுக்கிறது. இரவானதும் காட்டு விலங்குகள் வெளியே வந்து இறைவனிடம் தங்கள் இரையைத் தேடுகின்றன. கதிரவன் எழுந்ததும் அவை குகைகளுக்குத் திரும்ப, மனிதர் உழைக்கச் சென்று மாலைவரை பாடுபடுகின்றனர். ஒரே நிலத்தை இரவும் பகலுமாகப் பிரித்துக்கொள்ளும் ஒழுங்கு அது. நம் அடிவாரத்தில் முறிந்துபோயிருப்பது இந்த ஒழுங்குதான். உழவரே பகலிலும் உழைத்து, இரவிலும் விழித்திருக்க வேண்டியவராகிவிட்டார்.

இன்னும் தெளிவான சட்டம் ஒன்று விடுதலைப் பயணம் நூலின் 23ஆம் அதிகாரத்தில் உண்டு. ஆறாண்டுகள் பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டில் தரிசாக விட வேண்டும். அதில் தானாய் விளைவதை ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும். இந்தச் சட்டத்தைப் படிப்போர் ஏழை, விலங்கு என்ற வரிசையைக் கவனிப்பர். மனிதருக்கு முதலிடம் உண்டு, ஐயமில்லை. ஆயினும் விலங்கின் பங்கு அடியோடு மறுக்கப்படவில்லை. அதைவிட முக்கியமானது மற்றொன்று. இங்கே கொடுப்பவர் யார்? நிலமும் விளைவும் உடையவர். பெற்றுக்கொள்பவர் யார்? ஏழையும் காட்டு விலங்கும். இருவரும் ஒரே பக்கத்தில், பெறுவோர் வரிசையில் நிற்கிறார்கள். ஏழையின் கையிலிருந்து பிடுங்கி விலங்குக்குக் கொடுக்குமாறு மோசே எழுதி வைக்கவில்லை.

நம் காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. ஏழை கொடுக்கிறார், விலங்கு உண்கிறது, உடையவர் வேடிக்கை பார்க்கிறார். உழவருக்கும் விலங்குக்கும் இடையேயான சண்டை என்று நாம் பேசுவது, உண்மையில், தன் பங்கைக் கொடுக்காத மூன்றாமவரால் ஏற்பட்ட சண்டை.

யோபு நூலும் இதையே வேறு விதமாக உணர்த்துகிறது. எல்லாவற்றையும் இழந்து கதறும் யோபுவுக்கு, இறைவன் காட்டுயிர்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். வரையாடு ஈனும் காலம் தெரியுமா, காட்டுக் கழுதையை அவிழ்த்து விட்டவர் யார், பருந்து பறப்பது உன் அறிவாலா என்று வினவுகிறார். மனிதருக்கு எப்பயனும் தராத உயிர்கள்மீது இறைவன் கொண்ட அக்கறை அங்கே வெளிப்படுகிறது. பலர் அந்தக் காட்சியோடு நூலை மூடிவிடுகின்றனர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இறுதி அதிகாரத்தில் யோபு இழந்தவற்றை இறைவன் இருமடங்காகத் திருப்பித் தருகிறார். உறவினரும் அறிமுகமானவரும் அவர் வீட்டுக்கு வந்து, உடன் உண்டு, ஆறுதல் கூறி, ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசும் ஒரு பொன் மோதிரமும் கொடுத்துச் செல்கின்றனர். இழந்தவருக்குப் படைப்பின் அழகைக் காட்டுவதோடு இறைவன் நிறுத்திக்கொள்ளவில்லை. சுற்றத்தாரும் வெறுங்கையோடு வரவில்லை.

பேகனின் போர்வை

நம் தமிழ் மரபும் இந்த நீதியை அறிந்ததே. பழனிமலைப் பகுதியை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த கதை சிறுபிள்ளைக்கும் தெரியும். மயிலுக்கு எதற்குப் போர்வை என்று நாம் வியப்பதுண்டு. நாம் கவனிக்கத் தவறுவது, அவன் ஈந்தது தன் போர்வையை என்பதை. குடிமகன் ஒருவனின் போர்வையை உருவி மயிலின்மேல் போர்த்தியிருந்தால் எந்தப் புலவரும் அவனை வள்ளல் எனப் பாடியிருக்கமாட்டார். இன்று நம் அடிவாரத்தில் மயிலின் பொருட்டு வேலியில் தொங்குவது ஓர் ஏழைப் பெண்ணின் சேலை. பேகன் இருக்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறார்கள்?

அந்த இடம் நம்முடையது. மலையினால் பயன்பெறும் யாவரும் மலைக்குக் கடன்பட்டவர்கள். நம் வாடிப்பட்டி வயல்களையே எண்ணிப் பார்ப்போம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்படும் நீர், வைகைப் படுகையில் இறங்கி, பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுக் கால்வாய் மூலம் நம் வயல்களுக்கு வருகிறது. அந்த நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள காடு யானையும் புலியும் வாழும் காடு. 1978 முதல் புலிகள் காப்பகமாகப் பேணப்படுவது. அந்தக் காடு மழையை வாங்கி மெல்லக் கசியவிடுவதால் நாம் சோறு உண்கிறோம். சிறுமலையில் பிறக்கும் சாத்தையாற்றையும் நாம் மறக்கலாகாது. யானையின் வீட்டு முற்றத்திலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும் நாம், காட்டுயிருக்கு ஒன்றும் கடன்படவில்லை என்று சொல்ல இயலுமா?

உழவர் காட்டுக்குப் பகைவர் அல்லர் என்பதற்கும் அதே கால்வாய் பாயும் மேலூர்ப் பகுதி சான்று பகர்கிறது. அங்குள்ள அரிட்டாபட்டி, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுகையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோவிலும் கொண்ட ஊர். அதன் குன்றுகளில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் காணப்படுகின்றன. அரிய வல்லூறுகளும் அவற்றுள் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் அதை அடுத்த மீனாட்சிபுரமும் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமையப்போவதாகச் செய்தி வந்தபோது எதிர்த்து எழுந்தவர்கள் யார்? அவ்வூர்களின் உழவர்கள், பெண்கள், முதியவர்கள். 2024 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தனர். அதே மாதத்தில் மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. தம் பயிரை மயில் கொத்தும் என்பதை நன்கு அறிந்தவர்களே மயில் வாழும் குன்றுக்காகத் தெருவில் இறங்கினார்கள். குன்று போனால் குளமும் போகும், குளம் போனால் குடியும் போகும் என்பதை அவர்கள் யாரும் சொல்லித் தரக் கற்கவில்லை.

இந்த உண்மையைத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டில் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் உலகுக்கு நினைவூட்டினார். பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒருசேரக் கேட்கப்பட வேண்டியவை என்றார் அவர். ஒன்றைக் கேட்க மற்றொன்றுக்குக் காதை அடைத்துக்கொள்பவர் இரண்டையுமே கேட்கவில்லை.

நமது பங்கு

ஆண்டவர் இயேசு வானத்துப் பறவைகளைக் கூர்ந்து நோக்குமாறு தம் சீடரைப் பணித்தார். சந்தையில் இரண்டு காசுக்கு ஐந்து சிட்டுக்குருவிகள் விற்கப்படுவதையும் அவர் அறிந்திருந்தார். வேறோர் இடத்தில் ஒரு காசுக்கு இரண்டு என்கிறார். அப்படியானால் இரண்டு காசுக்கு நான்குதான். ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியையும் தந்தை மறப்பதில்லை என்பதே அவர் தரும் நற்செய்தி. சந்தையில் அந்த மலிவான குருவிகளை வாங்கியவர்கள் ஏழைகள் என்பதையும் நாம் மறக்கலாகாது. குருவியை மறவாதவர், அதை வாங்கி உண்ணும் ஏழையையும் மறவாதவர்.

ஆகவே மலையைப் பார்த்து மகிழ்வோர் அதற்குரிய விலையில் தம் பங்கைக் கொடுப்பதே நீதி. இது நம் பங்கில் தொடங்கக்கூடிய செயலே. பயிரிழந்த உழவர் இழப்பீட்டு மனுவை எழுதவும், சேதத்தைப் படமெடுத்து இணைக்கவும், உரிய அலுவலகத்துக்குச் சென்று வரவும் படித்த இளையோர் துணை நிற்கலாம். தவக்காலத்தில் நாம் ஒறுத்துச் சேமிக்கும் காசில் ஒரு பகுதி, காட்டோரச் சிற்றுழவரின் சூரிய ஒளி வேலிக்கோ இரவுக் காவல் விளக்குக்கோ சென்று சேரலாம். அவர் எச்சமயத்தவர் என்று கேட்க வேண்டியதில்லை. மின்கம்பியும் நஞ்சும் ஐந்தாம் கட்டளையோடு தொடர்புடைய காரியங்கள் என்பதை அன்பியக் கூட்டங்களில் எடுத்துரைக்கலாம். அருவிக்குச் செல்வோர் நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவரலாம். குரங்குக்குத் தின்பண்டம் எறிந்து அதை ஊருக்குள் இழுத்து வராமல் இருக்கலாம். காட்டினுள்ளே விலங்குகளுக்கான தண்ணீர்த் தொட்டிகள் கோடையில் வறண்டுவிடாதபடி கிராம சபையில் குரல் கொடுக்கலாம். ஏனெனில் மேலே தண்ணீர் இருந்தால் கீழே வரவேண்டிய தேவை குறையும் என்று அந்த உழவர் சொன்னது எந்த நூலிலும் உள்ள அறிவுக்குக் குறைந்ததன்று.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் நமது திருச்சபைச் சமூகத்தைப் ‘பங்கு’ என்றே அழைத்து வருகிறோம். பங்கு என்பது கொடுக்கவும் பெறவும் உரிய பகுதி. படைத்தவரின் பந்தியில் உழவருக்கு ஒரு பங்கு உண்டு. காட்டுயிருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்குகளைத் தம் சொந்த இலையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியவர்கள் உண்டு நிறைந்த நாம்தான். இத்தவக்காலத்தில் அதை எடுத்து வைப்போம்.